மரம் பக்கம், தொட்டிப் பக்கம்

எங்கள் பள்ளிக்கும் பக்கத்துப் பள்ளிக்கும் நாற்பது வருஷமாகத் தீராத பகை என்று கல்வி அலுவலகத்து அறிக்கை ஒன்று சொல்கிறது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டு வட்ட முத்திரை குத்திய அறிக்கை. அதைப் பொய் என்று யாரும் லேசில் சொல்லிவிட முடியாது. நான் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. இத்தனைக்கும் அந்தப் பகையை ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, ஒண்ணரைப் பக்கத்தில் எழுதியவளே நான்தான்.

நான் மேல்பள்ளியில் விளையாட்டு டீச்சர். என் அண்ணன் கீழ்ப்பள்ளியில் விளையாட்டு வாத்தியார். இரண்டு பள்ளிக்கும் நடுவில் சரிவாக ஒரே ஒரு மைதானம் கிடக்கிறது. மேலே எங்கள் கேட், கீழே அவர்கள் கேட். மைதானத்தின் மேல் மூலையில் ஒரு மரம், கீழ் மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. எங்களிடம் கால்பந்து ஆடத் தெரிந்த பையன்கள் பதினோரு பேர், அவர்களிடமும் பதினோரு பேர். பதினோரு பேரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பயிற்சி கொடுப்பது? ஆறும் ஐந்துமாகப் பிரித்தால் அது கால்பந்து இல்லை, தெருவில் டப்பா உதைக்கிற கதை. அதனால் தினமும் நாலு மணிக்கு இரண்டு பள்ளியும் ஒன்றாகத்தான் இறங்கும். இருபத்திரண்டு பேரில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அண்ணனே டிரவுசர் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவான்.

அணி பிரிக்கிற வேலையை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். பையன் தன் பையை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறானோ அதுதான் அவன் அணி. மரத்தடியில் போட்டால் மரம், தொட்டியடியில் போட்டால் தொட்டி. முதல் நாள் எங்கே போட்டானோ அங்கேயே இரண்டு வருஷமாகப் போடுகிறான். எங்கள் சென்டர் ஃபார்வர்டு கொக்கும், கீழ்ப்பள்ளியின் இடது ஓரத்து ஆட்டக்காரன் பட்டாணியும் மரம். கொக்கு என்றால் காலைப் பார்த்து வைத்த பெயர், பட்டாணி என்றால் ஆளைப் பார்த்து வைத்த பெயர். கொக்குக்குப் பந்து கிடைத்தால் தலையைத் தூக்கிப் பார்க்கக்கூட மாட்டான். இடது பக்கம் தள்ளுவான். அங்கே பட்டாணி இருப்பான். மரம் எப்போதும் கீழ் கோலை நோக்கி ஆடும், தொட்டி மேல் கோலை நோக்கி. பக்கம் மாறுவது கிடையாது, ஏனென்றால் மேலே ஏறி ஆடுவதில் தொட்டிக்காரர்களுக்கு ஒரு பெருமை.

எல்லாம் சரி, குழி ஒன்றுதான் சரியில்லை. கீழ் கோலுக்கு முன்னால், பெனால்டி கட்டத்துக்குள், மண்ணுக்கு அடியில் போன பழைய குழாய் உடைந்து ஆறு வருஷத்துக்கு முன்பு தரை உள்வாங்கியது. மண்ணைக் கொட்டினால் மழைக்கு மறுபடியும் இறங்கும். குழாயை மாற்றாமல் குழியை மூடக் கூடாது, குழாய் எங்கள் இலாகா இல்லை, அவர்கள் இலாகாவும் இல்லை. நான் எழுதிய மனுக்கள் மட்டும் பதினொன்று, அணியில் ஆளுக்கு ஒன்று வீதம். போன வருஷம் என் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து அதில் விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மூன்று மாதம் மாவுக்கட்டு. அவனை நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவன் கத்தவே இல்லை, "மிஸ், பந்து உள்ள போயிருச்சா?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு அந்தக் குழியை மூடுவதற்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். செய்யவும் செய்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மைக் வந்தார்.

அவர் வட்டார விளையாட்டு மேம்பாட்டுக் குழுவின் தலைவர். தோளில் தொங்கும் சிறிய ஸ்பீக்கரும் கையில் மைக்கும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மூன்று பேர் இருந்த ஆசிரியர் அறையில்கூட அதை வாயருகே வைத்துத்தான் வணக்கம் சொன்னார். திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள் கணக்கு டீச்சரின் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"வட்டாரத்துல எலியும் பூனையுமா இருக்கிற பள்ளிக்கூடங்களை ஜோடி ஜோடியா மோத விடப்போறோம். பரம எதிரிகள் கோப்பை. மூணு ஜோடி. டிவிக்காரங்க வர்றாங்க. ரெண்டு ஜோடி கிடைச்சிருச்சு. உங்க எதிரி யாரு டீச்சர்?"

"எங்க ஹெட்மாஸ்டர்தான் சார்."

"ஆட்டத்துல கேக்கறேன். பக்கத்துல ஒரு ஸ்கூல் இருக்கே."

"அது எங்க அண்ணன் ஸ்கூல்."

மைக் ஒரு நிமிஷம் மைக்கை இறக்கினார். முகம் மலர்ந்துவிட்டது. "கூடப் பொறந்தவங்களா? அதைவிட நல்ல பகை எங்க கிடைக்கும்?"

எங்களுக்குள் பகை இல்லை என்று நான் சொன்னதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பெரிய மேட்சை எங்கள் மைதானத்திலேயே வைக்கப்போவதாகவும், டிவியில் தெரிவதால் தரையைச் சீர்படுத்தப் போவதாகவும் சொன்னார். என் காது அங்கேதான் நிமிர்ந்தது.

"குழியை மூடுவீங்களா?"

"குழி என்ன குழி. மைதானத்தையே இஸ்திரி போட்டுக் குடுக்கறேன். நீங்க பகையை மட்டும் ஏற்பாடு பண்ணுங்க."

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தன் விசிலைச் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். வாரம் ஒரு தடவை கழுவுவான். எங்கள் குடும்பத்திலேயே சுத்தமான பொருள் அந்த விசில்தான்.

"நமக்குள்ள என்ன பாப்பா பகை?" என்றான். எனக்கு நாற்பத்தொரு வயது, இருபத்திரண்டு பையன்களை மிரட்டி ஓட விடுகிறேன், அவனுக்கு இன்னும் நான் பாப்பாதான். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அப்படிக் கூப்பிட்டு என் மானத்தை வாங்குவான்.

"இல்லாததுனாலதான் எழுதணும்னு சொல்றேன். மைக் போடற விழா மலர்ல ஒரு கட்டுரை. இவங்களுக்குள்ள எப்படிப் பகை வந்துச்சுன்னு."

"அதுக்கு ஏன் மண்டையை உடைச்சிக்கறே," என்றாள் அண்ணி. "ரெண்டு பேரும் டிவி ரிமோட்டுக்காகக் கடிச்சிக்கிட்டதை எழுது. தழும்பு இன்னும் இருக்கே."

அண்ணன் சிரிக்கவில்லை. "பசங்க மனசு கெட்டுப்போயிரும் பாப்பா."

"பாடப் புத்தகத்தையே தொட மாட்டானுங்க. விழா மலரையா படிக்கப் போறானுங்க? குழி போகணும்ணா. உனக்கும்தான் அது கோல் வாசல்."

அவன் விசிலைத் துடைத்தான், ஒரு தடவை ஊதிப் பார்த்தான். அண்ணன் விசில் ஊதினால் சம்மதம் என்று அர்த்தம்.

முதலில் நான் எழுதிக் கொடுத்ததை மைக் திருப்பி அனுப்பிவிட்டார். 'ஆரோக்கியமான போட்டி' என்று அதில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தேனாம். "ஆரோக்கியம் ஆஸ்பத்திரிக்குப் போதும் டீச்சர்," என்று போனில் சொன்னார். போனையும் மைக்குக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பேசினார் போலிருக்கிறது, காது கொய்யென்றது. "ஒரு சம்பவம் வேணும். நாற்பது வருஷம் முன்னாடி நடந்த மாதிரி."

"கீழ்ப்பள்ளியைக் கட்டியே இருபத்தாறு வருஷம்தான் ஆச்சு சார். வாசல்ல கல்லுல வெட்டி வச்சிருக்காங்க."

"கல்லை யாரு படிக்கறா?"

அதுவும் நியாயம்தான். நான் சம்பவம் எழுதினேன். நாற்பது வருஷத்துக்கு முன்பு, ஒரு பெரிய மேட்சுக்கு முதல் நாள், கீழ்ப்பள்ளியின் கோல் கம்பம் காணாமல் போனது. மேல்பள்ளி மாணவர்கள் அதைப் பிடுங்கித் தோளில் சுமந்துகொண்டு போய்விட்டார்கள். பல நாள் தேடியபின், மேல்பள்ளித் தலைமையாசிரியர் வீட்டுப் பின்கட்டில் துணி காயப் போட்டிருந்த நிலையில் அது கண்டுபிடிக்கப்பட்டது. அன்று மூண்ட நெருப்பு இன்றும் அணையவில்லை. கடைசி வரியை எழுதும்போது எனக்கே லேசாக மயிர்க்கூச்செறிந்தது. பொய் எழுத ஆரம்பித்துவிட்டால் கை நிற்காது, அதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

மைக் அதை மலரின் ஆறாம் பக்கத்தில், கட்டம் கட்டிப் போட்டார்.

அப்புறம் லாரி வந்தது. அரை நாள்தான். பழைய குழாயைப் பிடுங்கிப் புதிதாகப் போட்டு, ஜல்லி கொட்டி, மண் பரப்பி, ரோலர் ஓட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஆறு வருஷமாக எந்த இலாகா என்று தெரியாமல் கிடந்த குழாய், டிவி வருகிறது என்றதும் ஒரு மதியத்தில் தன் இலாகாவைக் கண்டுபிடித்துவிட்டது. எல்லாரும் போனபிறகு நான் அந்த இடத்தில் போய் நின்று காலால் அழுத்திப் பார்த்தேன். இறங்கவில்லை. கண் கலங்கிவிட்டது. பொய் சொன்னதற்கு எனக்குத் துளியும் வருத்தமில்லை, இன்னும் நாலு பொய் கேட்டாலும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

போஸ்டருக்காகக் கொக்கையும் பட்டாணியையும் நேருக்கு நேர் நிறுத்தி முறைக்கச் சொன்னார்கள். இரண்டும் முறைக்கிற ஜாதியே இல்லை. ஒன்றை ஒன்று பார்த்ததும் சிரித்துவிடும். முப்பது தடவைக்கு மேல் எடுத்துப் பார்த்து, கடைசியில் போட்டோக்காரர் அலுத்துப்போய், "தம்பிகளா, உங்க கணக்கு டீச்சரை நினைச்சுக்கங்க," என்றார். படம் பிரமாதமாக வந்தது. கடை, பஸ் நிறுத்தம், மருந்துக்கடைச் சுவர் என்று எங்கே பார்த்தாலும் இரண்டும் ரத்தவெறியோடு முறைத்துக்கொண்டு நின்றன. அந்தப் போஸ்டருக்குக் கீழேயே உட்கார்ந்து இரண்டும் ஒரே ஐஸைப் பங்கு போட்டுச் சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

மேட்ச் நாள். முதல் இரண்டு ஜோடிகள் மோதி முடித்தன, அவர்கள் உண்மையான எதிரிகள், அதனால் சுவாரஸ்யமாக ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் மேட்ச்தான் கடைசி. எங்கள் பையன்களுக்குச் சிவப்பு ஜெர்சி, கீழ்ப்பள்ளிக்கு நீலம். ஆயிரம் பேராவது இருப்பார்கள். பெற்றோர், பழைய மாணவர்கள், டிவிக்காரர்கள். விழா மலர் எல்லார் கையிலும் இருந்தது, விசிறிக்கொள்ள.

ஆட்டத்துக்கு முன்பு மைக் ஒரு பெரியவரை மேடைக்கு ஏற்றினார். ரிட்டயரான தபால்காரர், கீழ்ப்பள்ளியின் பழைய மாணவராம். அவர் வயதுக்கு அவர் படித்திருந்தால் வெறும் பொட்டலில்தான் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும்.

"கம்பம் காணாமப் போன அன்னிக்கு நான் இங்கதான் இருந்தேன்," என்றார் தபால்காரர். குரல் நடுங்கியது. "தடுக்கப் போன என்னைக் கம்பத்தாலயே அடிச்சாங்க. பாருங்க." சட்டைக் கையைச் சுருட்டி ஒரு தழும்பைக் காட்டினார்.

கூட்டம் உறுமியது. உடனே எங்கள் பள்ளிப் பக்கமிருந்து ஒரு வழுக்கைத்தலை எழுந்து, தூக்கிக்கொண்டு போனவர்களில் பின்பக்கம் பிடித்தவன் தான்தான் என்றும், அதற்கு இன்றுவரை வருத்தமில்லை என்றும் சொன்னது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் மைதானத்துக்கு அந்தப் பக்கமிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விசில் அடித்தது. முதல் ஐந்து நிமிஷம் பையன்கள் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து பந்தை வெளியே வெளியே உதைத்தார்கள். அப்புறம் பயம் விட்டது. பயம் விட்டதும் கால் பழகின ஆட்டத்துக்குப் போய்விட்டது. கொக்குக்குப் பந்து கிடைத்தது. தலையைத் தூக்கவில்லை. இடது பக்கம் தள்ளினான். அங்கே பட்டாணி இருந்தான், நீல ஜெர்சியில். பட்டாணியும் யோசிக்கவில்லை. வழக்கம்போல இரண்டு எட்டு ஓடி, கீழ் கோலுக்குள், அதாவது தன் பள்ளியின் கோலுக்குள், மூலையில் வைத்தான். குழி இருந்த இடத்தைத் தாண்டித்தான் பந்து போனது. அழகான கோல். கொக்கு ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றினான்.

டிவி கேமராக்காரர் கேமராவை விட்டு முகத்தை எடுத்துச் சொந்தக் கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

அடுத்தது எங்கள் முறை. என் தடுப்பாட்டக்காரன் ஒருவன் தொட்டி. பாவம், இரண்டு வருஷமாக மேல் கோலை நோக்கி ஏறி ஆடிப் பெருமைப்பட்டவன். நீல ஜெர்சிக்காரன் ஒருவன் கொடுத்த பந்தை வாங்கி எங்கள் கோலுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தான். இடைவேளைக்குள் ஐந்து கோல் விழுந்தது, அதில் நாலு சேம் சைடு கோல். பையன்களுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அவர்கள் கணக்கில் மரம் மூன்று, தொட்டி இரண்டு, நல்ல மேட்ச். நடுவர் மட்டும் நோட்டில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார்.

"விலை போயிட்டான்," என்று எங்கள் பக்கமிருந்து ஒருவர் கத்தினார். அது என் தடுப்பாட்டக்காரனின் சொந்த மாமா.

"உங்க புத்திதானே. அன்னிக்குக் கம்பம், இன்னிக்கு ஆளையே தூக்கிட்டீங்களா?" என்று அந்தப் பக்கமிருந்து பட்டாணியின் அப்பா எழுந்தார்.

அப்புறம் நாற்காலிகள் பறந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகள்தான், பெரிய காயமில்லை. விழா மலரைச் சுருட்டி அடித்தார்கள். தபால்காரரும் வழுக்கைத்தலையும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நடக்காத ஒரு விஷயத்துக்காகத் தரையில் உருண்டார்கள். "வரலாறு திரும்புகிறது, நேயர்களே, வரலாறு திரும்புகிறது," என்று மைக் ஒலித்துக்கொண்டே இருந்தது. பையன்களை எங்கே என்று நான் பதறிப்போய்த் தேடினேன். பதினோரு பேர் மரத்தடியில், பதினோரு பேர் தொட்டியடியில், பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, சிவப்பும் நீலமும் கலந்து படுத்துக்கிடந்தார்கள். பெரியவர்கள் அடித்துக்கொள்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே நானாகப் போய் நின்றேன்.

"அந்தக் கட்டுரை பொய். நான்தான் எழுதினேன். பகையே கிடையாது. பசங்க தினமும் கலந்து ஆடுறாங்க, அந்தப் பழக்கத்துல பாஸ் குடுத்துட்டாங்க."

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க உங்க அண்ணனைக் காப்பாத்தப் பாக்கறீங்க. புரியுது."

"சார், கீழ்ப்பள்ளியைக் கட்டியே இருபத்தாறு வருஷம்தான். வாசல்ல கல்லு இருக்கு. வாங்க, நடந்தா ரெண்டு நிமிஷம்."

"சாட்சி சொன்னவர் தழும்பைக் காட்டியிருக்காரும்மா," என்றார் அவர். கல்லைப் பார்க்க யாரும் வரவில்லை. வெயில்.

அறிக்கை ஒன்பதே நாளில் வந்தது. பதினோரு மனுவுக்கு ஆறு வருஷம் பதில் போடாத அதே அலுவலகம்தான். 'இரு பள்ளிகளுக்கும் இடையே நாற்பது ஆண்டுகளாக நிலவிவரும் பகையைக் கருத்தில் கொண்டு (ஆதாரம்: விழா மலர், பக்கம் ஆறு)' மாணவர்களின் பாதுகாப்புக்காக மைதானத்தை இரண்டாகப் பிரிக்க உத்தரவு. நடுக்கோட்டின் மேலேயே வேலி போட்டார்கள். நான் சுண்ணாம்பு போட்டு வைத்திருந்த கோடு அளவெடுக்க வசதியாக இருந்ததாம், மேஸ்திரி பாராட்டினார். எட்டடி உயரம், இரும்புக் கம்பி வலை. எங்கள் பக்கம் ஒரு கோல், ஒரு மரம். அவர்கள் பக்கம் ஒரு கோல், ஒரு தொட்டி. வேலிக் கம்பம் நட மேஸ்திரியின் ஆட்கள் தோண்டிய குழி மட்டும் பதினெட்டு. நான் எண்ணினேன்.

ஒரு கோலை வைத்துக்கொண்டு பதினோரு பேர் என்ன செய்வார்கள்? பெனால்டி அடித்தார்கள். நாள் முழுக்கப் பெனால்டி. அடுத்த வாரம் மூன்று பேர் வரவில்லை. கொக்கு பந்தை இடது பக்கம் தள்ளுவான், அது சரிவில் உருண்டுபோய் வேலியில் முட்டி நிற்கும். அவன் போய் எடுக்க மாட்டான், நின்று பார்ப்பான். அந்தப் பக்கம் அண்ணன் கழுத்தில் விசிலோடு நிற்பான், ஊத மாட்டான். குழியை மூடப் போய் மைதானத்தையே மூடிவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அண்ணி போன் செய்து, "ரிமோட்டைப் பத்தி எழுதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல," என்றாள். அவள் சொன்னது சரிதான், அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். எங்கள் கோல் கம்பத்தைக் காணோம். வலையோடு போய்விட்டது. அவர் பேசி முடிப்பதற்குள் அண்ணனிடமிருந்து போன்.

"பாப்பா, எங்க கம்பத்தைக் காணோம்."

"எங்களுதையும் காணோம்ணா."

"நீ எழுதினது நடந்திருச்சு பாப்பா," என்றான்.

காவலாளியைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் பையன்கள் வந்தார்களாம், பெயின்ட் அடிக்கக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறது என்றார்களாம். கேட்டைத் திறந்துவிட்டது அவர்தான். "பாதிப் பேரு நம்ம பசங்க மாதிரி இல்லையேன்னு பாத்தேன். ஆனா எல்லாம் ஒத்துமையா இருந்துச்சுங்க, அதான் சந்தேகம் வரலை," என்றார்.

அன்று நாலு மணிக்கு மைதானத்துக்கு ஒருவனும் வரவில்லை. கேட்டுக்கு வெளியே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே போனேன். மருந்துக்கடைச் சுவரில் கொக்கும் பட்டாணியும் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தார்கள், பாதி கிழிந்து. மூடிப்போன ஐஸ் கம்பெனியின் சந்தில் திரும்பும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணன் வந்தான். அவனும் யாரையோ பின்தொடர்ந்துதான் வந்திருந்தான்.

கம்பெனிக்குப் பின்னால் கேட்பாரற்ற ஒரு பொட்டல். நீளம் பத்தாது, அகலமும் பத்தாது. இந்தக் கோடியில் எங்கள் கம்பம், அந்தக் கோடியில் அவர்கள் கம்பம். இடையில் இரண்டு இடத்தில் புது மண் தெரிந்தது.

"இங்க என்னடா?" என்றேன்.

"குழி இருந்துச்சு மிஸ்," என்றான் கொக்கு. "மூடிட்டோம்."

"எப்படிடா?"

"டப்பால மண்ணு அள்ளி." எதற்கு இதைப் போய்க் கேட்கிறாள் என்பது போல என்னைப் பார்த்தான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையாம்.

அங்கே மரமும் இல்லை, தொட்டியும் இல்லை. ஒரு பக்கம் துருப்பிடித்த டிரம், இன்னொரு பக்கம் உடைந்த செங்கல் குவியல். பைகள் இரண்டாகப் பிரிந்து கிடந்தன. டிரம்முக்குப் பக்கத்தில் கிடந்தது மரம், செங்கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது தொட்டி. யாரும் குழம்பவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் தலைமையாசிரியர் கம்பம் எங்கே போனது என்று எழுத்துமூலமாகக் கேட்டார். உட்கார்ந்து எழுதினேன். கை பழகிவிட்டது. 'நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த சம்பவத்துக்குப் பழிவாங்கும் நோக்கத்தோடு கீழ்ப்பள்ளியினரே இதைச் செய்திருக்க வேண்டும் (காண்க: பக்கம் ஆறு).' அண்ணனுக்கு எழுத வராது. அதனால் அவன் கடிதத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன், மேல்பள்ளியினர் செய்த மாபாதகம் என்று. இரண்டையும் அலுவலகம் ஒரே கோப்பில் போட்டுக் கட்டியது. கம்பம் எங்கே என்று அதற்கப்புறம் யாரும் தேடவில்லை. யார் எடுத்தார்கள் என்றுதான் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே. குழி இல்லாத மைதானம், நடுவில் வேலியோடு, புல் முளைத்துக் கிடக்கிறது.

போன வாரம் மைக் கூப்பிட்டார். நாங்கள் பொட்டலில் இருந்தோம்.

"அடுத்த வருஷமும் வைக்கலாம்னு இருக்கோம் டீச்சர். பகை எப்படி இருக்கு?"

"நல்லா வளந்திருக்கு சார்."

அப்போதுதான் கொக்கு இடது பக்கம் தள்ளி, பட்டாணி உள்ளே வைத்தான். மற்ற பத்துப் பேரும் அவன் மேல் விழுந்து புரண்டார்கள். அண்ணன் என் காதுக்குப் பக்கத்திலேயே விசில் ஊதினான்.

"என்ன டீச்சர் அங்க அவ்வளவு சத்தம்?"

"அடிச்சுக்கறாங்க சார்," என்றேன். "வேலியை இன்னும் ரெண்டடி உசத்தச் சொல்லுங்க."

உயர்த்திவிட்டார்கள்.